கொக்கரைப்பட்டிக்கு ‘ரன்’ வந்த கதை

கொக்கரைப்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். நான் பெண் எடுத்த ஊர் அது. சொல்லிவிட்டு வீட்டில் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது. சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் மனிதர்கள், அவ்வளவுதான். “வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள்” என்று ஒரு வைத்தியர் சொல்லப்போக, மூன்று நாள் பட்டினி கிடந்தவர்கள். நாலாம் நாள் வைத்தியர் ஊரைவிட்டே போய்விட்டார்.

இது வெள்ளைக்காரன் காலத்தில் நடந்தது. எனக்குச் சொன்னவர் என் மாமனார். அவரும் அந்த ஊர்க்காரர் என்பதால் கூட்டிச் சொல்லவோ குறைத்துச் சொல்லவோ அவருக்குத் தெரியாது.

அந்த ஊரில் பவுனுத்தாயி என்று ஒருத்தி. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டு பெண் பிள்ளைகளும் அரைக்காணி மல்லிகைத் தோட்டமும்தான் அவளுக்கு மிச்சம். விடியுமுன் மொட்டாகப் பறித்து, கூடையில் ஈரத்துணி போட்டு மூடி, டவுன் சந்தைக்கு ஏழு மைல் நடப்பாள். மொட்டு விறைப்பாக இருந்தால்தான் வியாபாரி கை நீட்டுவான். இவள் போய்ச் சேரும்போது வெயில் ஏறி, பூ துவண்டு, கூடையைத் திறந்தால் கீரைக்கட்டு மாதிரி கிடக்கும். வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ஒருநாள் அவள் ஊர்க்கூட்டத்தில் வந்து நின்று, “ஊருக்கு ஒரு பஸ்ஸு வந்தாத்தான் எனக்குப் பொழப்பு. இந்தக் கோடைக்குள்ள வரலைன்னா தோட்டத்த அழிச்சுட்டு சோளம் வெதைச்சுருவேன்” என்று சொல்லி அழுதாள். ஊரே சேர்ந்து அழுதது. அந்த ஊர்க்காரர்களுக்கு மூளைதான் கொஞ்சம் முன்னே பின்னே, மனசில் குறையே சொல்ல முடியாது. அன்றைக்கே நாற்பது கைநாட்டு வைத்து டவுன் பஸ் கம்பெனிக்கு மனு போயிற்று.

கம்பெனி மேனேஜர் வில்மட் துரை. ஊர்க்காரர்கள் வாயில் ‘வில்லுமட்டை துரை.’ பத்தே நாளில் அவரிடமிருந்து பதில் வந்தது. முழுக்க இங்கிலீஷில் இருந்தது.

தபால்காரருக்கு இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். அர்த்தம் கேட்டால், “அது என் டூட்டி இல்லை” என்பார். அர்த்தம் சொல்ல ஊரில் சடையாண்டி இருந்தான். வெள்ளைக்காரன் பங்களாவில் மூன்று மாதம் பங்கா விசிறி இழுத்தவன். மேசை, நாற்காலி, மூக்கு, காது என்று பேர்ச்சொல் எல்லாம் அங்கே பொறுக்கிக்கொண்டு வந்திருந்தான். வினைச்சொல் என்று பார்த்தால் அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, ‘ரன்.’ துரைசானி அவனிடம் வேறு எதையும் சொன்னதில்லை. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

அதிர்ஷ்டத்தைப் பாருங்கள், துரை எழுதிய கடுதாசியில் வரிக்கு ஒரு ‘ரன்’ இருந்தது.

தபால்காரர் முதல் வரியைப் படித்தார். உங்கள் ஊருக்கு பஸ் விடுவதாக உத்தேசம் என்பது அதன் பொருள். அதில் ‘ரன்’ வந்தது, ‘பஸ்’ வந்தது.

“பஸ்ஸு ஓடு,” என்றான் சடையாண்டி. “ரன்னுன்னா ஓடு.”

எல்லோரும் கை தட்டினார்கள். மொக்கராசு மட்டும் தட்டவில்லை. அவன் கூரை வேய்கிறவன், சொந்தமாக ஓட்டுச் சூளை வைத்திருந்தான்.

“எந்த ஓடு? நாட்டு ஓடா, சீமை ஓடா?”

“கூரை ஓடு இல்லப்பா. ஓடுறோம்ல, அந்த ஓடு.”

“அதை யாரு கண்டா? பங்களாவுல சீமை ஓடுதான வேஞ்சிருந்துச்சு? தொரைசானி அதைக் காட்டிச் சொல்லியிருந்தா?”

சடையாண்டி யோசித்தான். துரைசானி எப்போதும் விரலை நீட்டித்தான் ‘ரன்’ என்பாள். அந்த விரல் வாசலைக் காட்டியதா, கூரையைக் காட்டியதா என்று இப்போது அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பொழுது சாயும்வரை பேசினார்கள். ஊர்த்தலைவர் சோணைமுத்து கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

“ரெண்டுக்கும் தயாரா இருந்துக்கிடுவோம். தொரை முன்னால எல்லாரும் ஓடணும். ஓடும்போது ஆளுக்கு ஒரு ஓடு கையில இருக்கணும். எது அர்த்தமா இருந்தாலும் நம்ம மேல குத்தம் வராது.”

இவ்வளவு நடுநிலையான தீர்ப்பை நான் கோர்ட்டில்கூடக் கேட்டதில்லை.

இரண்டாவது வரி. உங்கள் ரோடு கண்மாய்க்கரையை ஒட்டிப் போகிறது, அதை நேரில் பார்க்கவேண்டும் என்று துரை எழுதியிருந்தார். ரோடு போவதற்கும் இங்கிலீஷில் ‘ரன்’தான் போட்டிருந்தார்.

சடையாண்டிக்கு முகம் வெளுத்தது. “அண்ணே, நம்ம ரோடு ஓடுதாம்ணே.”

“எங்கிட்டு?”

“கண்மாய்ப் பக்கம்.”

கூட்டம் மொத்தமும் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு ஒருவர் மெதுவாக, “அதான் போன மழைக்கு நம்ம ரோட்டுல பாதியக் காணோம்” என்றார். எல்லோருக்கும் அப்போதுதான் விளங்கியது. ரோடே இல்லாத ஊருக்கு பஸ் எப்படி வரும்? வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் அல்லவா? மறுநாளே ரோட்டின் இரண்டு பக்கமும் முளை அடித்தார்கள். முளைக்கு முளை குறுக்கே வடக்கயிறு இழுத்து, ரோட்டை அசையாமல் கட்டினார்கள். மொத்தம் நாற்பது கட்டு. கட்டி முடித்து ஒருவர் ரோட்டை உதைத்துப் பார்த்தார். அசையவே இல்லை.

மூன்றாவது வரியில், ஊரை நடத்துகிறவர் யாரோ அவரை நான் சந்திக்கவேண்டும் என்றிருந்தது. இங்கே ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். நாம் ஊரை நடத்துகிறோம், கடையை நடத்துகிறோம், கல்யாணத்தை நடத்துகிறோம். எல்லாம் நடைதான். வெள்ளைக்காரன் அவசரக்காரன். ஊரானாலும் கடையானாலும் அவன் பேச்சில் எல்லாமே ‘ரன்.’

“நம்ம ஊர்ல ஓடுறது யாருன்னு கேக்குறாரு தொரை,” என்றான் சடையாண்டி.

சோணைமுத்துவுக்குத் தொந்தி தொடைவரை இருக்கும். ஓட்டம் அவருக்குக் கேள்விஞானம்தான். அந்த ஊரில் தினம் தவறாமல் ஓடுகிறவன் வீரணன் ஒருவன். அவன் வளர்த்த கிடா ஒன்று, காலையில் அவிழ்த்துவிட்டதும் அவனையே முட்ட வரும். கண்மாயைச் சுற்றி இரண்டு சுற்று ஓடிவிட்டுத்தான் பழையது குடிக்க உட்காருவான். ஓடுகிறவனைக் கண்டால் துரத்துகிறவனுக்கு இளக்காரம் என்பார்கள். அந்தக் கிடாவுக்கும் அதே குணம்.

சோணைமுத்து பெருமூச்சு விட்டார். முப்பது வருஷமாகக் கட்டிய தலைப்பாகையை அவிழ்த்து வீரணன் தலையில் கட்டினார். “என்னைவிட நீ ஓடுறவன். தொரை கேட்டுட்டாரு. ஊருக்காக விட்டுக்குடுக்குறேன்” என்றார். அவருக்குக் கண் கலங்கியது. வீரணனுக்கும் கலங்கியது. தலைப்பாகை கண்ணை மறைத்ததும் ஒரு காரணம்.

கடைசி வரி. எனக்கு ஜலதோஷம், மூக்கு ஒழுகுகிறது, அதனால் அடுத்த வெள்ளிக்கிழமைதான் வரமுடியும். மூக்கு ஒழுகுவதும் இங்கிலீஷில் ‘ரன்’தான்.

தபால்காரர் படித்ததும் சடையாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான்.

“என்னடா?”

“தொரைக்கு மூக்கு ஓடிப்போச்சாம்.”

“ஐயோ, பாவமே!” என்றாள் பவுனுத்தாயி. “மூக்கு இல்லாம மூக்குக்கண்ணாடி எப்படி நிக்கும்?”

“பொண்டாட்டி ஓடிப்போனாக்கூட தேடிக்கிடலாம்,” என்றார் சோணைமுத்து. “மூக்க எங்கிட்டுப் போயித் தேடுறது? ஏப்பா மொக்கராசு, ஒன் சூளையில ஒரு மூக்கு சுட முடியுமா?”

“அளவு தெரியாதேண்ணே.”

“பெருசா ஒண்ணு, நடுத்தரமா ஒண்ணு, சின்னதா ஒண்ணு சுடு. எது பொருந்துதோ வச்சுக்கிடட்டும்.”

வெள்ளிக்கிழமை வந்தது. பதினொரு மணிக்கு ஊர் எல்லையில் பஸ் சத்தம் கேட்டது. டிரைவர் சவரிமுத்து ஓட்ட, வில்மட் துரை முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். முதல் கயிற்றின் முன்னால் பஸ் நின்றது.

துரைக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். “என்ன கயிறு?” என்றார்.

“ரோடு ஓடாம கட்டி வச்சிருக்கோம், தொரை. பயப்படாம வாங்க.”

அதைத் துரைக்கு எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று சவரிமுத்துவுக்குத் தெரியவில்லை. “மரியாதைக்குக் கட்டியிருக்காங்க” என்று சொல்லிவைத்தான். நாற்பது கட்டையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். பஸ் கடந்ததும் ரோடு ஓடிவிடாமல் மறுபடி கட்டினார்கள். நிறுத்தினால் திரும்பக் கிளப்புவது கஷ்டம் என்று சவரிமுத்து இன்ஜினை அணைக்கவே இல்லை. ஒரு மைல் தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

ஊர் வாசலில் துரை இறங்கினார். கையில் ஆளுக்கொரு ஓடு பிடித்துக்கொண்டு ஊரே அவரைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. துரை தொப்பியைக் கழற்றினார், பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று மாட்டிக்கொண்டார்.

“தொரைக்கு மூக்கு இருக்குடா!” என்று ஒருவர் கத்தினார்.

“புடிச்சுட்டாரு போல. ஓடுன மூக்கத் துரத்திப் புடிச்சுட்டாரு. தொரைன்னா சும்மாவா?”

அந்த நேரம் பார்த்து துரை கைக்குட்டையை எடுத்து மூக்கை அழுத்திப் பிடித்தார். உடனே நாலு பேர் பாய்ந்து வந்தார்கள். “விட்டுராதீங்க தொரை! கெட்டியாப் புடிச்சுக்கங்க! ஏப்பா, ஊரு வாசலை அடைங்கப்பா, மறுபடி கெளம்பிரப் போகுது!”

மொக்கராசு முன்னால் வந்து, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்திருந்த மூன்று மூக்குகளையும் நீட்டினான். “பழசு எப்பவாச்சும் தப்பிச்சுட்டா ஒதவும், தொரை.” துரை நடுத்தர மூக்கை எடுத்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு “தேங்க்யூ” என்றார். நல்ல வளர்ப்பு.

பிறகு அவர் கேட்டார். “ஊர் நடத்துற ஆள் எங்கே?” பாவம், கஷ்டப்பட்டுத் தமிழிலேயே சரியாகக் கேட்டார். சடையாண்டி ஊருக்கு விளக்கினான்: “ஓடுற ஆளக் கேக்குறாரு. தொரைக்குத் தமிழ் தப்பா வருது.”

வீரணன் தலைப்பாகையோடு வந்து நின்றான். நின்றால் போதுமா? ஓடிக் காட்டவேண்டாமா? சோணைமுத்து கண்ணைக் காட்ட, கிடாவை அவிழ்த்துவிட்டார்கள்.

கிடா வீரணனைப் பார்த்தது. தினம் பார்க்கிற முகம். துரையைப் பார்த்தது. புது முகம், சிவப்பு முகம். தலையைக் குனிந்தது.

துரை அந்த வயசிலும் நன்றாக ஓடினார் என்று என் மாமனார் சொல்வார். கண்மாய்க்கரையில் ஒரு சுற்று, மந்தையில் ஒரு சுற்று. வீரணன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வாழ்க்கையிலேயே நின்று வேடிக்கை பார்த்த முதல் ஓட்டம் அது. தொப்பி எங்கோ பறக்க, துரை ஒரே தாவலில் பஸ்ஸின் கூரைமேல் ஏறிக்கொண்டார்.

சோணைமுத்து நியாயஸ்தர். வீரணன் தலையிலிருந்த தலைப்பாகையை அவிழ்த்தார். “இன்னிக்குத் தேதியில இந்த ஊர்ல ஓடுறது தொரைதான்” என்று சொல்லி ஒரு கம்பின் நுனியில் மாட்டி மேலே நீட்டினார். கீழே கிடா நின்றுகொண்டிருந்தது. துரை மறுபேச்சில்லாமல் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அப்போது இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்தது. சவரிமுத்து கீழே இறங்கி, குனிந்து பார்த்து, மேலே பார்த்துச் சொன்னான். “பெட்ரோல் ரன் அவுட் சார்!”

பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் சடையாண்டி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தானே. “பெட்ரோலு வெளிய ஓடிருச்சாம்! நாலு பக்கமும் போங்கப்பா, ரொம்ப தூரம் போயிருக்காது!”

பத்துப் பேர் கிழக்கே போனார்கள், பத்துப் பேர் மேற்கே. பெட்ரோல் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. கால்மணி நேரத்தில் ஒரு வெள்ளாட்டையும், வழிப்போக்கர் ஒருவரையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வழிப்போக்கர், தான் பெட்ரோல் இல்லை என்று சத்தியம் செய்தபிறகுதான் விட்டார்கள்.

மேலேயிருந்து துரைக்குப் பொறுமை போய்விட்டது. மாலை ஐந்து மணி ரயிலில் அவர் மெட்ராஸ் போயாகவேண்டும், எந்த ஊருக்கு பஸ் விடுவது என்று முடிவுசெய்ய அங்கே முதலாளிகள் கூடுகிறார்கள். இந்த ரயில் போனால் இந்த ஊருக்கு பஸ்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை என்று கத்தினார். சவரிமுத்து அதைத் தமிழில் சொன்னான். அது மட்டும் எல்லோருக்கும் நன்றாகப் புரிந்தது.

பவுனுத்தாயி தலையிலடித்துக்கொண்டாள். “எம் பஸ்ஸப் போக்கிட்டீங்களேடா, பாவிகளா! கெடாவ எவன்டா அவுத்தது? எம் புள்ளைக வாயில மண்ணப் போட்டுட்டீங்களே!” என்று கத்தினாள். வீரணன் கிடாவைக் கட்டிவிட்டு வந்து தலை குனிந்து நின்றான்.

அவளே போய் ரோட்டுக் கயிற்றில் ஒன்றை அவிழ்த்தாள். பஸ்ஸின் முன்கம்பியில் கட்டினாள். “புடிங்கடா!” என்றாள்.

“கயித்த அவுத்தா ரோடு ஓடிருமே, மதினி?” என்றான் சடையாண்டி.

“ஓடட்டும். அதுவும் டவுனுப் பக்கம்தான ஓடும்? நமக்கு வசதிதான்.”

அந்தக் கணக்கு எல்லோருக்கும் சரியாகப் பட்டது. நாற்பது கயிற்றையும் பஸ்ஸில் கட்டி, ஆண் பெண் அத்தனை பேரும் இழுத்தார்கள். சமதரையில் ஓட்டமாகவே ஓடினார்கள். துரை உள்ளே தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தார். மேட்டில் பஸ் பின்னால் உருளப் பார்த்தபோது மொக்கராசு சக்கரத்துக்கு அடியில் அடுக்கடுக்காக ஓடுகளைக் கொடுத்தான். அத்தனையும் நொறுங்கி பஸ் நின்றது. “பாத்தியா? ஓடு இல்லாம ரன்னு இல்ல” என்றான். சடையாண்டி முதன்முதலாக அவனிடம் தோல்வியை ஒப்புக்கொண்டான்.

ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பஸ் டவுன் ரயில் நிலையத்து வாசலில் போய் நின்றது. துரை இறங்கி, மூச்சு வாங்க நிற்கும் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். பவுனுத்தாயியிடம் வரும்போது தொப்பியைத் தேடினார். தலையில் தலைப்பாகைதான் இருந்தது. அதைக் கழற்றி வணக்கம் சொன்னார்.

அடுத்த வாரமே கம்பெனிக் கடுதாசி வந்தது. பஸ் நடத்த அன்றைக்கு உதவிய மாதிரி ஊர்மக்கள் என்றும் உதவினால், திங்கள் முதல் தினமும் பஸ் வரும் என்று துரை எழுதியிருந்தார். ‘நடத்த’ என்ற இடத்தில் என்ன வார்த்தை இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

சடையாண்டி கடுதாசியை மடித்தான். “தெளிவா எழுதிட்டாரு. அன்னிக்கு ஓடுன மாதிரியே தெனமும் பஸ்ஸோட நாமளும் ஓடுனா பஸ்ஸு வருமாம்.”

“அவ்வளவுதானா?” என்றார் சோணைமுத்து. “நான்கூட என்னமோன்னு பயந்துட்டேன்.”

திங்கட்கிழமை விடியலில் பஸ் வந்து நின்றது. “ஏறுங்க, ஏறுங்க!” என்றார் கண்டக்டர்.

“ஏறிட்டா எப்படிங்க ஓடுறது? டிக்கெட்டக் குடுங்க.”

கண்டக்டர் அரைமணி நேரம் சொல்லிப் பார்த்தார். தொண்டை கட்டியதுதான் மிச்சம். எல்லோரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு பஸ்ஸின் இரண்டு பக்கமும் ஓடினார்கள். ஜன்னலோரம் யார் ஓடுவது என்று முதல் நாளே சண்டை வந்தது. சோணைமுத்துவுக்கு வயசைக் கருதி, புழுதி அடிக்காத முன்பக்கத்தில் ஓட இடம் கொடுத்தார்கள். ஆளே ஏறாத பஸ்ஸுக்குத் தேய்மானம் ஏது? அந்த ரூட்டுக்குத்தான் கம்பெனியில் நல்ல பேர்.

பவுனுத்தாயிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. காரணமில்லாமல் ஒரு பொம்பளை ரோட்டில் ஓடினால் ஊர் என்ன பேசும் என்றுதான் அவள் அத்தனை வருஷமும் நடந்தே போனாள். இப்போது கையில் டிக்கெட் இருக்கிறது, யார் என்ன கேட்க முடியும்? வெயில் ஏறுமுன் சந்தைக்குப் போய்விடுகிறாள். மொட்டு ஒன்றுகூடத் துவள்வதில்லை. வியாபாரி அவள் கூடையைத்தான் முதலில் திறக்கிறான். “பஸ்ஸுன்னா பஸ்ஸுதான். எம் புள்ளைகளுக்குச் சோறு போடுது” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாசம் ஓடியதில் அவளுக்குக் கால் பழகிவிட்டது. பஸ் வழியில் நாலு இடத்தில் நிற்கும், ஒரு பாலத்தில் மூச்சு வாங்கும். ஒருநாள் அவள் அதை முந்திக்கொண்டு கால்மணி நேரம் முன்னாலேயே டவுனுக்கு வந்துவிட்டாள். வந்தவள் சந்தைக்குள் போகாமல், கூடையைத் தலையில் வைத்தபடி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள்.

பூ வியாபாரி அவளைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். “என்ன தாயி, வந்து சேந்துட்டு ஏன் இங்கன நிக்கிற? கூடையக் கொண்டா.”

பவுனுத்தாயி மடியிலிருந்து டிக்கெட்டை எடுத்து அவனிடம் காட்டினாள்.

“நல்லாக் கேட்டீங்க போங்க. பஸ்ஸே இன்னும் வரல, அதுக்குள்ள நான் எப்படி வந்து சேந்துருக்க முடியும்?”